ஈரலில் உறங்கும் காய்ச்சல்

குளிர்காய்ச்சல் ஒளியும் இடத்தைக் கண்டுபிடித்த கர்னல் ஷார்ட்டின் வாழ்க்கை

ஸ்ரீபெரும்புதூர் என்றால் ஒரு காலத்தில் ராமானுஜர் பிறந்த ஊர் என்பதுதான் நினைவுக்கு வரும். இப்போது இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அங்கிருந்து ஒரகடம் வரை வழி நெடுகத் தொழிற்சாலைகள். கார் செய்கிறார்கள். லாரி செய்கிறார்கள். டயர் செய்கிறார்கள். பொழுது விடிவதற்குள் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகள் மட்டும் அல்ல. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் என்று தூர தேசங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வருகிறார்கள். ஓர் அறையில் நாலைந்து பேர் தங்கி உழைக்கிறார்கள்.

அவர்களில் ஓர் இளைஞனுக்குச் சொந்த ஊரில் இருக்கும்போது குளிர்காய்ச்சல் வந்தது என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாள் மாத்திரை சாப்பிட்டான். குணமாயிற்று. ரயில் ஏறி இங்கே வந்தான். வேலையில் சேர்ந்தான். இரண்டு மாதம் கழிந்தது. ஒரு நாள் பிற்பகல் திடீரென்று பற்கள் அடித்துக்கொள்ளும் குளிர். போர்வை மேல் போர்வை போட்டும் நிற்கவில்லை. பிறகு நெருப்பாகக் கொதிக்கும் ஜுரம். பிறகு ஆறாக வியர்வை. மறுநாள் ஒன்றும் இல்லை. அதற்கு மறுநாள் மீண்டும் அதே குளிர்!

அறையில் இருப்பவர்கள் இந்த ஊர்க் கொசுவைத் திட்டுவார்கள். ஆனால் பல சமயங்களில் குற்றவாளி இந்த ஊர்க் கொசு அல்ல. அந்தக் காய்ச்சலை அவன் தன் உடம்புக்குள்ளேயே வைத்து, தனக்கே தெரியாமல், ரயிலில் கொண்டு வந்திருக்கிறான்.

உடம்பில் எங்கே வைத்துக் கொண்டு வந்தான்? இந்தச் சின்னக் கேள்விக்கு விடை காண உலகத்து விஞ்ஞானிகளுக்கு ஐம்பது ஆண்டுகள் ஆயின. விடை கண்டவர்களில் ஒருவர், இதே ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் பூந்தமல்லி வழியாகச் சென்றால் வரும் கிண்டியில் பணிபுரிந்தவர். அவர் பெயர் ஹென்றி எட்வர்டு ஷார்ட். மருத்துவ உலகம் நன்கு அறிந்த பெயர். நம்மில் பலர் மறந்துவிட்ட பெயர்.

பஞ்சாபில் பிறந்த வெள்ளையர்

ஷார்ட் வெள்ளைக்காரர். ஆனால் பிறந்தது நம் நாட்டில்தான். 1887ஆம் ஆண்டு பஞ்சாபில் பிறந்தார். ஸ்காட்லாந்தில் வளர்ந்து படித்தார். அபர்தீன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1910இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டு இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து திரும்ப இங்கேயே வந்துவிட்டார். முதல் உலகப் போரில் படை மருத்துவராக இருந்தார். படிப்படியாக உயர்ந்து கர்னல் ஆனார்.

அவருக்கு வேட்டையில் மிகுந்த பிரியம். காட்டில் மிருகத்தின் அடிச்சுவட்டைப் பார்த்துப் பொறுமையாகப் பின்தொடர்வார். இந்தப் பொறுமைதான் பிற்காலத்தில் ஆராய்ச்சிக் கூடத்திலும் அவருக்குக் கை கொடுத்தது. காட்டில் தேடியது புலியையும் மானையும். கூடத்தில் தேடியது கண்ணுக்குத் தெரியாத கிருமியை.

அசாமில் ஒரு பாடம்

அந்த நாளில் அசாமிலும் வங்காளத்திலும் கருங்காய்ச்சல் என்னும் காலா அசார் ஊர் ஊராக மக்களைக் கொன்றது. அது எப்படிப் பரவுகிறது என்பது யாருக்கும் தெரியவில்லை. அதை ஆராய ஒரு குழு அமைத்தார்கள். 1920களின் பிற்பகுதியில் அதன் தலைமைப் பொறுப்பு ஷார்ட்டிடம் வந்தது.

மணல் ஈ என்னும் சிறு பூச்சியின் மேல் சந்தேகம் இருந்தது. அதன் வயிற்றில் கிருமியைப் பார்த்தும்விட்டார்கள். ஆனால் அது கடித்தால் மனிதனுக்கு நோய் வருகிறதா? அதை நிரூபிக்க முடியவில்லை. ஆண்டுக் கணக்கில் முயன்றார்கள். தோல்வி மேல் தோல்வி. கடைசியில் 1942இல்தான், ஸ்வாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகிய மூவர் பெயரில் அந்த நிரூபணம் வெளிவந்தது. மணல் ஈ கடித்தே நோய் பரவுகிறது என்று உலகம் ஒப்புக்கொண்டது.

சந்தேகம் வேறு, சாட்சி வேறு. கண்ணால் கண்டு கையால் நிரூபிக்கும் வரை எதையும் முடிவாகச் சொல்லக் கூடாது. அசாம் ஷார்ட்டுக்குக் கற்பித்த பாடம் இது.

ராஸ் விட்டுப்போன பாதி

இப்போது மலேரியாவுக்கு வருவோம். பிரெஞ்சு மருத்துவர் லாவரான் 1880இல் நோயாளியின் ரத்தத்தில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1897 ஆகஸ்டு 20ஆம் தேதி செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றுக்குள் அதே கிருமி வளர்வதைக் கண்டார். அடுத்த ஆண்டு கல்கத்தாவில், பறவைகளுக்கு வரும் மலேரியாவைக் கொசுவே கொண்டுபோய்க் கொடுக்கிறது என்று நிரூபித்தார். 1902இல் நோபல் பரிசும் பெற்றார்.

கொசு கடிக்கிறது, கிருமி உள்ளே போகிறது, காய்ச்சல் வருகிறது. கதை முடிந்ததா? முடியவில்லை. இரண்டு முடிச்சுகள் அவிழாமல் கிடந்தன.

முதல் முடிச்சு: கொசு இன்று கடித்தால் காய்ச்சல் நாளைக்கே வருவதில்லை. பத்து நாள், பதினைந்து நாள் கழித்துத்தான் வருகிறது. இடையில் ரத்தத்தைச் சோதித்தால் ஒன்றும் இல்லை. அந்த நாட்களில் கிருமி எங்கே போயிற்று?

இரண்டாவது முடிச்சு: கொயினா கொடுத்தால் காய்ச்சல் நிற்கிறது. ரத்தம் சுத்தமாகிவிடுகிறது. ஆனால் சிலருக்குச் சில மாதம் கழித்து, கொசுவே கடிக்காத இடத்தில் இருந்தாலும், காய்ச்சல் திரும்புகிறது. செத்துப்போன கிருமி எப்படி எழுந்து வந்தது?

ஒரு பெரிய மனிதரின் பிழை

ஜெர்மனியில் ஷௌடின் என்ற பெரிய விஞ்ஞானி இருந்தார். மேகநோய்க் கிருமியைக் கண்டவர்களில் ஒருவர். அவர் 1903இல் ஒரு செய்தி வெளியிட்டார். கொசுவிலிருந்து வரும் கிருமி நேராக ரத்தத்தின் சிவப்பு அணுவுக்குள் புகுவதைத் தாமே பூதக்கண்ணாடியில் பார்த்ததாக எழுதினார்.

பெரியவர் சொன்னால் மறுப்பார் உண்டோ? பாடப் புத்தகங்களில் அது ஏறிவிட்டது. மற்றவர்கள் முயன்று பார்த்தார்கள். யாருக்கும் அந்தக் காட்சி கிடைக்கவில்லை. ஆயினும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பிழை நிலைத்து நின்றது. கிருமியைத் தேட வேண்டியவர்கள் ரத்தத்திலேயே தேடிக்கொண்டிருந்தார்கள்.

கிண்டியில் கோழி ஆராய்ச்சி

1930களில் ஷார்ட் கிண்டிக்கு வந்தார். கிங் இன்ஸ்டிடியூட்டின் இயக்குநர் பொறுப்பை ஏற்றார். கொரோனாக் காலத்தில் பரிசோதனை நடந்த அதே கிங் இன்ஸ்டிடியூட்தான். அந்த நாளிலேயே தடுப்பு மருந்துகளுக்கும் நோய் ஆராய்ச்சிக்கும் தென்னாட்டில் பெயர் பெற்ற இடம்.

அப்போது இலங்கைக் கோழிகளில் ஒரு மலேரியாக் கிருமி அகப்பட்டிருந்தது. அது மனிதனுக்கு வருவதில்லை. ஆனால் ஆராய்ச்சிக்கு மிகவும் உகந்தது. 1937இல் ஜேம்ஸ், டேட் என்ற இருவர், கோழியின் உடம்பில் ரத்த அணுவுக்கு வெளியேயும் இந்தக் கிருமி வளர்வதைக் கண்டார்கள். ஷௌடின் சொன்னதில் விழுந்த முதல் விரிசல் இது!

கிண்டியில் ஷார்ட்டும், கே.பி. மேனன், பி.வி. சீதாராம ஐயர் ஆகிய இருவரும் இதே கிருமியை ஆராய்ந்தார்கள். காய்ச்சல் வருவதற்கு முன்னுள்ள மறைவு நாட்களில் அது எந்த உருவத்தில் இருக்கிறது என்பதே அவர்கள் கேள்வி. அந்த ஆராய்ச்சி 1940இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி ஏட்டில் வெளிவந்தது. கோழி விஷயம் தெளிவாயிற்று. மனிதன் விஷயம்?

போர்க்களம் தந்த துப்பு

இரண்டாம் உலகப் போர் வந்தது. பசிபிக் தீவுகளில் துப்பாக்கிக் குண்டைவிட மலேரியா அதிகம் பேரைப் படுக்கையில் தள்ளியது. ஆஸ்திரேலியாவில் பேர்லி என்ற மருத்துவர் ஒரு சோதனை செய்தார். தாமாக முன்வந்த வீரர்களைக் கிருமியுள்ள கொசு கடிக்கச் செய்தார். பிறகு வெவ்வேறு நேரங்களில் அவர்கள் ரத்தத்தை எடுத்து வேறொருவருக்கு ஏற்றினார்.

கடித்த சில நிமிஷங்களில் எடுத்த ரத்தம் மற்றவருக்கும் காய்ச்சலைக் கொடுத்தது. அரை மணி நேரம் கடந்துவிட்டால் கொடுக்கவில்லை. ஏறக்குறைய ஒரு வாரம் வரை ரத்தம் சுத்தம். அதற்குப் பிறகு எடுத்தால் மீண்டும் காய்ச்சல் வந்தது.

ஆக, கிருமி ரத்தத்தில் அரை மணி நேரம்தான் ஓடுகிறது. பிறகு உடம்பில் எங்கோ ஒரு குகைக்குள் நுழைகிறது. ஒரு வாரம் கழித்துத் திரும்ப வருகிறது. குகை எது?

குகை அகப்பட்டது

ஷார்ட் அப்போது லண்டனில் வெப்பநாட்டு நோய்க் கல்லூரியில் பேராசிரியர். 1947இல் கார்ன்ஹாம் என்ற அறிஞர் கென்யாவிலிருந்து அங்கு வந்து சேர்ந்தார். ஆப்பிரிக்கக் குரங்குக்கு வரும், மலேரியாவைப் போன்ற ஒரு நோயின் கிருமி ஈரலில் வளர்வதை அவர் பார்த்திருந்தார். வேட்டைக்காரருக்கு அடிச்சுவடு கிடைத்துவிட்டது!

மனிதனின் வைவாக்ஸ் மலேரியாவுக்கு நெருங்கிய உறவான ஒரு குரங்கு மலேரியாவை எடுத்துக்கொண்டார்கள். கிருமியுள்ள சுமார் 500 கொசுக்களை ஒரே குரங்கின்மேல் விட்டார்கள். ஏன் இத்தனை? வைக்கோற்போரில் ஊசியைத் தேட வேண்டும். ஓர் ஊசி போட்டுத் தேடுவதைவிட ஆயிரக்கணக்கில் போட்டுத் தேடினால் ஒன்றாவது கண்ணில் படும் அல்லவா?

ஏழாம் நாள் குரங்கின் ஈரலை மெல்லிய சீவல்களாகச் சீவிப் பூதக்கண்ணாடியில் வைத்தார்கள். அங்கே இருந்தது! ஈரல் அணுவுக்குள், பை போன்ற ஓர் உருண்டைக்குள், குட்டிக் கிருமிகள் கூட்டம் கூட்டமாக அடைந்து கிடந்தன. 1948இன் தொடக்கத்தில் ஷார்ட், கார்ன்ஹாம், மாலமோஸ் மூவரும் இதை வெளியிட்டார்கள்.

குரங்கில் கண்டது மனிதனுக்குப் பொருந்துமா? ஒருவர் ஆய்வுக்கு முன்வந்தார். அவரை ஏறக்குறைய 1,770 கொசுக்கடிகளுக்கு உள்ளாக்கினார்கள். ஏழாம் நாள் அறுவை செய்து ஈரலில் ஒரு சிறு துண்டை எடுத்தார்கள். அதிலும் அதே உருண்டை! ஒரு மனிதரை இத்தனை கடிகளுக்கு உள்ளாக்க இன்று எந்த ஆய்வுக் குழுவும் எளிதில் சம்மதிக்காது. அந்த முகம் தெரியாத மனிதருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இந்த ஆராய்ச்சியில் ஷார்ட், கார்ன்ஹாமுடன் கோவெல், ஷூட் என்ற இருவரும் பங்கு கொண்டார்கள். கோவெல் இந்திய மலேரியா நிலையத்துக்குத் தலைமை தாங்கியவர். நம் நாட்டில் பழகிய கைகள் லண்டனில் ஒன்று சேர்ந்தன என்று சொன்னால் பொருந்தும்.

முதல் முடிச்சு அவிழ்ந்தது. வைவாக்ஸ் கிருமி ஒன்று ஈரலுக்குள் புகுந்தால் ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமான நாளில் சுமார் பத்தாயிரமாகப் பெருகி வெளியே வருகிறது. பிறகு சிவப்பு அணுக்களுக்குள் புகுந்து, நாற்பத்தெட்டு மணிக்கு ஒரு முறை அவற்றை உடைக்கிறது. அதனால்தான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறைக்காய்ச்சல். ஷௌடின் எழுதிய பாடம் புத்தகத்திலிருந்து நீங்கியது. 1950இல் ராயல் கழகம் ஷார்ட்டைத் தன் உறுப்பினராக்கிச் சிறப்பித்தது.

விதை நெல் போல

இரண்டாவது முடிச்சு? காய்ச்சல் திரும்புவது ஏன்? கடித்து மூன்று மாதத்துக்கு மேல் ஆன பின்னும் குரங்கின் ஈரலில் கிருமி இருப்பதை ஷார்ட்டும் கார்ன்ஹாமும் 1948லேயே காட்டினார்கள். திரும்பும் காய்ச்சல் ஈரலிலிருந்துதான் வருகிறது என்றார்கள். அது சரி. ஆனால் கிருமி ஈரலுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக ஓயாமல் பெருகி வருகிறது என்று எண்ணினார்கள். அது சரியல்ல.

உண்மை 1980இல் வெளிப்பட்டது. கிரோடோஸ்கி என்ற அமெரிக்க விஞ்ஞானியும், கார்ன்ஹாம் உள்ளிட்ட அவர் தோழர்களும் ஈரலில் இரண்டு வகைக் கிருமிகளைக் கண்டார்கள். ஒரு வகை உடனே வளர்கிறது. மற்றொரு வகை ஒற்றை அணுவாக, வளராமல், அசையாமல் உறங்குகிறது. அதற்கு உறங்கும் உயிர் என்று பொருள்படும் ஹிப்னோசோயிட் என்ற பெயர் வழங்குகிறது.

விவசாயிக்கு இது எளிதில் விளங்கும். ஒரே நாளில் நிலத்தில் விழுந்த களை விதை எல்லாம் ஒரே நாளில் முளைப்பதில்லை. சில முதல் மழைக்கு முளைக்கும். சில மண்ணுக்குள் கிடந்து அடுத்த மழைக்கு முளைக்கும். முளைத்ததைப் பிடுங்கிவிட்டு நிலம் சுத்தம் என்று நாம் திண்ணையில் உட்காருவோம். மண்ணுக்குள் இருப்பது சிரித்துக்கொண்டிருக்கும். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மருந்து முளைத்த களையைத்தான் பிடுங்குகிறது.

பரம்பரைக் குணம்

எத்தனை நாள் உறங்குவது என்பதும் கிருமியின் பரம்பரைக் குணம். வெப்பநாட்டுக் கிருமி சில வாரங்களிலேயே எழுந்துகொள்ளும். குளிர்நாட்டுக் கிருமி எட்டு ஒன்பது மாதம் உறங்கும். அங்கே பனிக்காலத்தில் கொசு இராது, எழுந்தும் பயனில்லை. நம் நாட்டில் இரு வகையும் உண்டு.

2008இல் வைவாக்ஸ் கிருமியின் மரபணுக்கள் முழுவதையும் படித்துவிட்டார்கள். 14 குரோமோசோம்கள், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள். இப்போது நோயாளியின் முதல் காய்ச்சலில் எடுத்த கிருமியையும் இரண்டாம் காய்ச்சலில் எடுத்ததையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். சிலருக்கு இரண்டும் ஒன்றே. சிலருக்கு அண்ணன் தம்பி போல. கொசுவின் வயிற்றில்தான் கிருமிகள் கூடிக் கலக்கின்றன. ஆகவே ஒரு கடியிலேயே ஒரு குடும்பம் உள்ளே போகலாம். வேறு சிலருக்கு இரண்டும் முற்றிலும் வேறு. முன்பு எப்போதோ கடித்த கொசு விட்டுப்போனது இப்போது எழுந்திருக்கலாம். புதுக் கொசு கொடுத்ததாகவும் இருக்கலாம்.

பரம்பரைக் குணம் மனிதருக்கும் உண்டு. உறங்கும் கிருமியைக் கொல்லும் பிரைமாகுவின் என்ற மருந்து 1950களின் தொடக்கத்தில் வந்தது. கொரியப் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களுக்குக் கப்பலிலேயே 14 நாள் அதைக் கொடுத்தார்கள். சிலருக்கு மட்டும் அது ரத்த அணுக்களை உடைத்தது. காரணம் என்ன? ஜி6பிடி என்ற ஒரு நொதி அவர்களுக்குப் பிறப்பிலேயே குறைவு என்று 1956இல் கண்டார்கள். தாயிடமிருந்து மகனுக்கு வரும் குறை இது. இன்னும் சிலருக்கு அந்த மருந்தை வேலை செய்ய வைக்கும் ஈரல் நொதி மந்தம். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் அவர்களுக்குக் காய்ச்சல் திரும்புவது உண்டு.

நூறு வயது

1951இல் ஷார்ட் லண்டன் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். ஆனால் தேடும் பழக்கம் அவரை விடவில்லை. 1961இல் தென்னிந்தியக் குரங்கில் ஒரு மலேரியாக் கிருமியை இந்திய அறிஞர்களோடு சேர்ந்து விவரித்தார். அதற்கு ஹைதராபாத்தின் உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சூட்டினார்கள். தம் வாழ்க்கையையும் நூலாக எழுதினார். மருத்துவர், போர்வீரர், விஞ்ஞானி, வேட்டைக்காரர் என்று தம்மை அதில் குறித்துக்கொண்டார்.

உறங்கும் கிருமி அகப்பட்டபோது அவருக்கு வயது 93. தாம் திறந்த கதவுக்குள் வேறொருவர் போய், தாம் காணாததைக் கண்டு வந்ததை உயிரோடு இருந்து பார்க்கும் பேறு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? 1987 நவம்பரில், நூறு வயது நிறைந்த பின் அவர் காலமானார்.

நமக்கு என்ன பாடம்?

ஒரகடத்து அறையில் போர்வைக்குள் நடுங்கும் அந்த இளைஞனிடம் திரும்புவோம்.

காய்ச்சல் வந்தால் தானாக மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு துளி ரத்தம் கொடுத்தால் போதும். இலவசமாகச் சோதித்துச் சொல்வார்கள். முன்பு காய்ச்சல் வந்ததா, எந்த ஊரிலிருந்து வந்தான் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வைவாக்ஸ் என்று தெரிந்தால் குளோரோகுவின் மூன்று நாள். பிரைமாகுவின் 14 நாள். முதல் மருந்து ரத்தத்துக்கு. இரண்டாவது ஈரலுக்கு. மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும். ஷிப்டுக்குப் போக வேண்டும், சம்பளம் போய்விடும் என்ற அவசரத்தில் மிச்ச மாத்திரை அலமாரியிலேயே தங்கிவிடும். அங்கேதான் தவறு நடக்கிறது.

பிரைமாகுவின் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் ஆகாது. ஜி6பிடி குறை உள்ளவர்களுக்கும் தீங்கு செய்யும். ஆகவே டாக்டர் சொல்லாமல் சாப்பிடக் கூடாது. சாப்பிடும்போது சிறுநீர் கறுத்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வேலை உண்டு. நம் பக்கத்தில் மலேரியாவைப் பரப்பும் கொசு சாக்கடையை நாடுவதில்லை. கிணறு, மேல்நிலைத் தொட்டி, கட்டட வேலைக்குத் தேக்கிய நீர் போன்ற நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். தொட்டியை இறுக மூடிவிட்டால், திரும்பி வந்த காய்ச்சல் அந்த ஒருவனோடு நின்றுபோகும். மூடாவிட்டால் அடுத்த அறைக்கும் அடுத்த தெருவுக்கும் போகும்.

காய்ச்சல் விட்டது என்றால் நோய் விட்டது என்று பொருள் அல்ல. ஈரலுக்குள் ஒரு பகைவன் கண்ணை மூடிக் கிடக்கலாம். ஐம்பது ஆண்டு தேடி அவன் இருப்பிடத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டார்கள் பெரியவர்கள். பதினான்கு நாள் மாத்திரை விழுங்குவது மட்டும்தான் நம் பங்கு.